கைகளைக் கழுவக் கற்பித்த மருத்துவர்



திருப்பலியிலே அப்பமும் இரசமும் ஒப்புக்கொடுக்கப்பட்ட பின்னர் குருவானவர் பீடத்தின் ஓரத்தில் நின்று தம் கைகளைக் கழுவுவதை நீங்கள் வாரந்தோறும் காண்கின்றீர்கள். பீடச் சிறுவன் நீர் வார்க்க, சில நொடிகளில் நிறைவுறும் அச்சடங்கின்போது, தம் குற்றங்கள் நீங்கவேண்டுமெனக் குருவானவர் இறைவனிடம் மன்றாடுகின்றார். கை கழுவுதலுக்கும் குற்றத்தை ஏற்றுக்கொள்ளுதலுக்கும் உள்ள இத்தொடர்பைத் தம் வாழ்வினால் வேறொரு விதமாக உணர்த்திச் சென்ற மருத்துவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் இக்னாஸ் செம்மல்வைஸ்.

இவர் 1818ஆம் ஆண்டு யூலை மாதம் 1ஆம் திகதி, இன்று ஹங்கேரியின் தலைநகராகிய புடாபெஸ்டின் ஒரு பகுதியான புடா நகரில், கத்தோலிக்க வணிகக் குடும்பமொன்றில் பிறந்தார். சட்டம் பயில வியன்னா சென்றவர், மனம் மாறி மருத்துவம் கற்று 1844இல் மருத்துவரானார். 1846இல் வியன்னா பொது வைத்தியசாலையின் மகப்பேற்றுப் பிரிவில் உதவி மருத்துவராகப் பொறுப்பேற்றார்.

அங்கே இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. முதலாவது விடுதியில் மருத்துவ மாணவர் பயிற்சி பெற்றனர். இரண்டாவதில் மருத்துவிச்சியர் பயின்றனர். 1846ஆம் ஆண்டிலே முதலாவது விடுதியில் நூறு தாய்மாருக்குப் பதினொருவருக்கு மேல் இறந்தனர். இரண்டாவதில் மூவருக்கும் குறைவாகவே இறந்தனர். பிரசவக் காய்ச்சல் என்னும் கொடிய நோயே இவ்விறப்புகளுக்குப் பெரிதும் காரணமாயிற்று. எந்த விடுதியில் அனுமதி என்பது வந்து சேரும் நாளைப் பொறுத்தது. ஏழைப் பெண்கள் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர். முதலாவது விடுதிக்கு அனுப்பவேண்டாமென முழந்தாளிட்டுக் கண்ணீர் விட்டனர். வழியிலே, தெருவோரத்திலே பிள்ளை பெற்ற பெண்களுக்குக்கூட இக்காய்ச்சல் அரிதாகவே வந்தது என்பதைக் கண்ட செம்மல்வைஸ் பெரிதும் கலங்கினார்.

காரணம் தேடி அவர் ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்தார். இடநெருக்கடியோ என்று பார்த்தார். இரண்டாவது விடுதியிலேயே நெருக்கடி அதிகமாக இருந்தது. பிரசவ வேளையில் தாய் படுக்கும் முறையை மாற்றிப் பார்த்தார், பயனில்லை. இன்னுமொரு காரணமும் அவருக்குத் தோன்றியது. மரணத் தறுவாயிலிருந்தோருக்கு அருட்சாதனங்களை வழங்க வரும் குருவானவர், முதலாவது விடுதியில் ஐந்து அறைகளைக் கடந்தே நோயாளரிடம் செல்லவேண்டியிருந்தது. முன்னே மணி ஒலிக்க அவர் நடந்து செல்கையில், அடுத்தவர் யாரோ என்ற அச்சம் தாய்மாரைப் பற்றிக்கொண்டது. அந்த அச்சமே நோயை வருவிக்கின்றதோ என எண்ணிய செம்மல்வைஸ், மணியின்றி வேறு வழியாக வருமாறு குருவானவரை வேண்டினார். அவரும் இசைந்தார். ஆயினும் இறப்பு குறையவில்லை.

இத்தனைக்கும் செம்மல்வைஸ் தம் கடமையில் ஒரு குறையும் வைத்தவரல்லர். தாய்மார் ஏன் இறக்கின்றனர் என அறியும் ஆவலினால் காலைதோறும் பிரேத அறைக்குச் சென்று இறந்தோரின் உடல்களைப் பரிசோதித்தார். அங்கிருந்து நேரே விடுதிக்கு வந்து உயிரோடிருந்த தாய்மாரைப் பரிசோதித்தார். சில மாதங்கள் வேறொருவர் அவர் பதவியை வகித்தபோது இறப்புகள் குறைந்திருந்தன. 1847 மார்ச் மாதத்தில் செம்மல்வைஸ் மீண்டும் பொறுப்பேற்றார். அடுத்து வந்த ஏப்ரல் மாதத்தில் 312 தாய்மாருள் 57 பேர் இறந்தனர்.

அதே மார்ச் மாதத்திலே அவருடைய நண்பரும் பேராசிரியருமான ஜேக்கப் கொலெட்ஸ்கா மரணமடைந்திருந்தார். பிரேத பரிசோதனையின்போது மாணவன் ஒருவனின் கத்தி அவர் விரலிலே பட்டது. அக்காயத்தினால் நோயுற்று இறந்தார். அவரது உடற்பரிசோதனை அறிக்கையை வாசித்த செம்மல்வைஸ் திடுக்குற்றார். பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடல்களிற் கண்ட அதே மாற்றங்கள் நண்பரின் உடலிலும் காணப்பட்டன. நண்பருக்குக் கத்தி கொண்டு சேர்த்த நஞ்சை, தாய்மாருக்கு மருத்துவரின் கைகளே கொண்டு சேர்த்தன என்பது அவருக்குத் தெளிவாயிற்று. மருத்துவிச்சியர் பிரேத பரிசோதனை செய்வதில்லை. ஆதலால் அவர்களுடைய விடுதியில் இறப்பு குறைவாயிருந்தது.

வாசகரே, இவ்விடத்தில் சற்றுத் தரித்து நில்லுங்கள். காப்பாற்றும் நோக்குடன் தாம் நீட்டிய கையே கொன்றது என்றும், தாம் எவ்வளவு உழைத்தாரோ அவ்வளவுக்கு இறப்பு மிகுந்தது என்றும் அறிந்துகொண்ட அம்மனிதரின் உள்ளம் எவ்வாறு துடித்திருக்கும்! அதை அவர் மறைத்திருக்கலாம். காற்றின் மீதும் காலநிலையின் மீதும் பழியைச் சுமத்தியிருக்கலாம். அக்காலத்து அறிஞர் பலர் அவ்வாறே செய்தனர். செம்மல்வைசோ, தம்மால் கல்லறைக்குச் சென்றோரின் தொகையை இறைவன் ஒருவரே அறிவார் எனப் பின்னாளில் தம் நூலிலேயே ஏற்றுக்கொண்டார்.

பிரேத அறையின் துர்நாற்றம் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னும் கைகளில் தங்கியிருந்தது. ஆகவே 1847 மே மாத நடுப்பகுதியில் விடுதியின் வாசலிலே குளோரீன் கலந்த நீரை வைத்து, உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் அதில் கைகளைத் தேய்த்துக் கழுவவேண்டுமெனக் கட்டளையிட்டார். யூன் மாதத்தில் 268 தாய்மாருள் 6 பேரும், யூலையில் 250 பேருள் 3 பேருமே இறந்தனர். அவ்வாண்டின் பிற்பகுதியில், புற்றுநோயினால் சீழ் வடிந்த நோயாளி ஒருத்தியைப் பரிசோதித்த கைகளாலே அடுத்தடுத்த கட்டில்களில் இருந்தோரையும் பரிசோதித்ததால், பன்னிருவருள் பதினொருவர் இறந்தனர். அன்றிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னரும் கை கழுவுதல் விதியாயிற்று. 1848 மார்ச் மாதத்திலும் ஓகஸ்ட் மாதத்திலும் அவ்விடுதியில் ஒரு தாயும் இறக்கவில்லை.

இத்தகைய உண்மையை உலகம் வரவேற்றிருக்கும் என நீங்கள் எண்ணலாம். அவ்வாறு நிகழவில்லை. தம் கைகள் அசுத்தமானவை என்பதை ஏற்க மருத்துவர் பலருக்கு மனம் வரவில்லை. ஏற்றால், கடந்த ஆண்டுகளில் இறந்த தாய்மாருக்கும் பொறுப்பேற்க நேரிடுமே! செம்மல்வைசின் பக்கத்திலும் குறையிருந்தது. தாம் கண்டறிந்ததை அவர் உடனே எழுதி விளக்கவில்லை. பதவி நீடிக்கப்படாத நிலையில் 1850இல் நண்பருக்கும் சொல்லாமல் வியன்னாவை விட்டகன்றார். பின்னர் பெஸ்ட் நகரில், கொள்ளைநோய் கண்டோரின் பாதுகாவலராகிய புனித ரோக்கின் பெயர் தாங்கிய வைத்தியசாலையில் பணியாற்றி, அங்கும் பிரசவக் காய்ச்சலை மிகக் குறைத்தார். அவருடைய நூல் வெளிவந்ததோ 1861இல்தான். அதை ஏற்காத பேராசிரியர்களைக் கொலைகாரர் எனச் சாடிப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். சாடப்பட்டோரின் செவிகள் இன்னும் இறுக மூடிக்கொண்டன.

1865இல் மனநிலை குன்றிய அவர் வியன்னாவில் மனநோயாளர் இல்லமொன்றில் விடப்பட்டார். இரண்டு வாரங்களில், ஓகஸ்ட் 13ஆம் திகதி, காயத்தினால் இரத்தம் நஞ்சேறி, தம் 47ஆவது வயதில் இறந்தார். தாய்மாரை எவ்வித நஞ்சிலிருந்து காத்தாரோ, அவ்வித நஞ்சே அவரையும் கொண்டுசென்றது. அதற்கு முந்தின நாளில்தான், கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்னும் மருத்துவர் கிருமிகொல்லி மருந்திட்டுக் காயத்திற்குக் கட்டுப் போடும் முறையை ஒரு சிறுவனின் காலில் கையாண்டார். 1879இல் லூயி பாஸ்டர் பிரசவக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமியை எடுத்துக்காட்டினார். மெல்ல மெல்ல உலகம் செம்மல்வைசின் வழிக்கு வந்தது.

அன்பார்ந்தவர்களே, 2020இல் கொரோனாத் தொற்றுப் பரவியபோது நம் ஆலய வாசல்களிலும் பாடசாலை வாயில்களிலும் நீரும் சவர்க்காரமும் வைத்தோம். அச்சம் நீங்கியதும் அப்பழக்கத்தையும் பலர் கைவிட்டோம். பிறந்த குழந்தையைப் பார்க்கச் செல்கின்றோம்; வழியெல்லாம் எதை எதையோ தொட்ட கையாலேயே அதன் கன்னத்தைத் தடவுகின்றோம். கை கழுவிவிட்டுத் தூக்குங்கள் என்று இளந்தாய் சொன்னால் மனம் கோணுகின்றோம். நாம் நேசத்தோடுதானே தொட்டோம் என்கின்றோம். செம்மல்வைசும் நேசத்தோடுதான் தொட்டார்.

ஆகவே பெற்றோரே, ஆசிரியரே, பிள்ளைகளுக்குச் சுகாதாரத்தைக் கற்பிக்கும்போது கட்டளையோடு நிறுத்தாதீர்கள்; காரணத்தையும் பொறுமையோடு எடுத்துரையுங்கள். குழாயடியில் சவர்க்காரம் இல்லாத பாடசாலையின் சுவரில் சுகாதார வாசகம் எழுதிப் பயனில்லை. சமைக்குமுன்னும், உண்ணுமுன்னும், மலசலகூடம் சென்று வந்தபின்னும் நீங்கள் சவர்க்காரமிட்டு இருபது நொடியேனும் கை கழுவுவதைப் பிள்ளை தன் கண்ணால் காணட்டும். தீங்கு என் கையிலிருந்தும் பிறருக்குச் செல்லக்கூடும் என்று ஏற்கும் தாழ்மையையும் அவ்வேளையில் அது உங்களிடமிருந்து கற்றுக்கொள்ளும்.

வரும் ஞாயிறு திருப்பலியில் குருவானவரின் கைகள்மேல் நீர் விழும்போது, உங்கள் கைகளையும் ஒருமுறை பாருங்கள்.