எடை போடத் தெரிந்தவர்

முதுகலைப் படிப்பு முடியும் நேரம். ஊரில் வேலைக்குப் போவதா, பெங்களூரிலேயே ஆராய்ச்சியில் இறங்குவதா? விஞ்ஞான மாணவன் அல்லவா, தாளில் கட்டம் போட்டேன். சம்பளம், படிப்பு, வீட்டுக்கு அருகாமை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டினேன். தொகை வந்தது, தெளிவு வரவில்லை. அந்த வேளையில்தான் ஜாம்செட்ஜி டாட்டாவின் வாழ்க்கையைப் படித்தேன்.

1839-ல் குசராத்தின் நவசாரியில், பார்சிப் புரோகிதர் குடியில் பிறந்தவர் அவர். பஞ்சாலை என்றாலே பம்பாய் என்றிருந்த காலம். அவரோ ஊர் போன வழியே போகவில்லை. ஆலைக்கு எவையெவை வேண்டும் என்று முதலில் எண்ணினார். பருத்தி விளையும் நிலம், இரயில் பாதை, தண்ணீர், எரிபொருள்! இவை ஒருங்கே அமைந்த நாகபுரியைத் தேர்ந்தார். 1877 சனவரி முதல் நாள் எம்பிரஸ் ஆலை பிறந்தது.

அடுத்து இரும்பாலைக் கனவு. சாந்தா மாவட்டத்தில் நல்ல இரும்புக்கல் இருந்தது. உருக்குவதற்கு ஏற்ற நிலக்கரி இல்லை. கல்லின் சிறப்பு கரியின் குறையை ஈடு செய்யுமா? செய்யாது. அந்த இடம் கைவிடப்பட்டது. அவர் மறைவுக்குப் பின், கல்லும் கரியும் நீரும் கைக்கெட்டும் சாக்சியில் ஆலை எழுந்தது. அதுவே இன்றைய ஜாம்செட்பூர்.

விஞ்ஞானக் கழகம் ஒன்று காணத் தம் செல்வத்தில் பெரும்பங்கை ஒதுக்கினார். அதற்கு இடம் தேடி நாட்டைச் சுற்றிப் பார்த்த வேதியியலறிஞர் இராம்சே, பெங்களூரைப் பரிந்துரைத்தார். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் தந்தது. 1904-ல் டாட்டா செர்மனியில் காலமானார். 1911-ல்தான் கழகத்தில் மாணவர் சேர்ந்தனர். தாம் காணப் போகாத பயனுக்கும் எடை கொடுத்தவர் அவர்!

என் பிழை அப்போது விளங்கிற்று. எல்லாவற்றையும் ஒரே தராசில் கொட்டியிருந்தேன். சில தேவைகள் மதிப்பெண்ணுக்கு உரியவை அல்ல, அவை வாயிற்படி. அதைத் தாண்டியவற்றை மட்டுமே எடை போட வேண்டும். கூட்டுவது கணக்கின் வேலை; எதற்கு எவ்வளவு எடை என்பது நம் நெஞ்சின் வேலை.

புதிய தாள் எடுத்தேன். தங்கையின் படிப்பு நிற்கக் கூடாது என்று தலைப்பில் எழுதினேன். உதவித்தொகையோடு வரும் ஆராய்ச்சி இடம் அந்தப் படியைத் தாண்டியது. உதவித்தொகை இல்லாத இடம் தாண்டவில்லை. விண்ணப்பம் போட்டுவிட்டேன். கிடைத்தால் ஆய்வுக்கூடம், கிடைக்காவிட்டால் ஊர் வேலை. எதுவாயினும் வருத்தமில்லை.

தோழர்களே, கூட்டுமுன் நீங்களும் உங்கள் வாயிற்படியைக் கண்டுகொள்ளுங்கள்!