வேட்டைக் காவலரிடம் மொழி பயின்றவர்: டக்ளஸ் ஹைட்

தாம் பேசும் மொழி இழிவானது என்று ஒரு மக்கட் கூட்டம் நம்பத் தலைப்படின், அம்மொழியைச் சட்டத்தால் மட்டும் காத்தல் அரிது. இவ்வுண்மையை உணர்ந்து, அவ்விழிவெண்ணத்தையே எதிர்த்து நின்றவர் அயர்லாந்தின் அறிஞர் டக்ளஸ் ஹைட் ஆவார்.

அவர் 1860ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17ஆம் நாள் ராஸ்காமன் மாவட்டத்தில் பிறந்தார். தந்தையார் புராட்டஸ்டண்டு குருவானவர்; வீட்டில் வழங்கியது ஆங்கிலம். தட்டம்மை கண்டு பள்ளியினின்றும் திரும்பிய சிறுவர் வீட்டிலேயே கல்வி பயின்றார். ஆயினும், ஐரிஷ் மொழிக்கு அவர் தேடிச் சென்ற ஆசான் சேமஸ் ஹார்ட் என்னும் வேட்டைக் காவலரே. ஊரில் இருந்த ஏழை முதியோரும் அவருக்கு ஆசிரியராயினர். ஐரிஷ் எழுத்துமுறை அறியாமையால், காதில் விழுந்த சொற்களை ஆங்கில ஒலிப்படி நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1875இல் ஹார்ட் மறைந்தபோது பெரிதும் வருந்தினார்.

அக்காலத்து நிலை இரங்கத்தக்கது. 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி. பல இடங்களில் குழந்தையின் கழுத்தில் ஒரு கோலைக் கட்டி, ஐரிஷ் பேசுந்தோறும் அதில் ஒரு வெட்டு இட்டு, மாலையில் எண்ணி அடித்தனர். பெற்றோரும் இதற்கு உடன்பட்டனர். பிள்ளைகள் பிழைக்க ஆங்கிலமே வழி எனக் கருதினர். 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சம் ஐரிஷ் பேசிய ஏழைகளையே மிகுதியாகக் கொன்றது. எஞ்சியோர் பலரைக் கடல் கடந்து துரத்தியது. 1851இல் 15 இலட்சத்திற்கு மேற்பட்டிருந்த ஐரிஷ் பேசுவோர், 1891இல் 7 இலட்சத்திற்கும் குறைந்தனர்.

1892இல் டப்ளினில் ஆற்றிய பேருரையில், சொந்தப் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் கூட மாற்றிக்கொள்ளும் போலி வாழ்வை ஹைட் கண்டித்தார். மறு ஆண்டு தோன்றிய கேலிக் கழகத்தின் முதல் தலைவரானார். உழைப்பாளரும் எழுத்தரும் மாலை வகுப்புகளில் ஆண் பெண் வேறுபாடின்றிப் பயின்றனர். ஆசிரியர்கள் மிதிவண்டியில் ஊர் ஊராகச் சென்றனர். 1899இல் அரசின் விசாரணைக் குழு முன்பு, கல்லூரிப் பேராசிரியர்கள் சிலர் ஐரிஷ் இலக்கியத்தை இழித்துரைக்க, ஹைட் தக்க சான்றுகளுடன் மறுத்தார். 1904இல் ஐரிஷ் பேசும் பகுதிகளின் தொடக்கப் பள்ளிகளில் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. 1913 முதல் தேசியப் பல்கலைக்கழக நுழைவுக்கு ஐரிஷ் கட்டாயமாயிற்று.

கழகம் அரசியல் சார்பு கொண்டதும், 1915இல் தலைமையைத் துறந்தார். எனினும் நாடு அவரை மறக்கவில்லை. 1938இல் அயர்லாந்தின் முதற் குடியரசுத் தலைவராகி, 1945 வரை அப்பதவியில் இருந்து, 1949 சூலை 12ஆம் நாள் மறைந்தார்.

விடுதலைக்குப்பின் ஐரிஷ் ஆட்சிமொழியாயிற்று, பள்ளிப் பாடமுமாயிற்று. ஆயினும் அது வீட்டு மொழியாய் வழங்கிய நிலப்பரப்பு சுருங்கியே வந்தது. மடியிலும் அடுக்களையிலும் கடைத்தெருவிலும் வழங்காத மொழியைப் பாடநூல் ஒன்றே வாழ்விக்க இயலாது.

இளைஞர்களே! குருவானவர் மகன் கல்வி தேடிச் சென்றது காவற்காரர் குடிசைக்கு. உலகம் தாழ்வெனத் தள்ளியோர் நாவிலேதான் அந்நாட்டின் செல்வம் அழியாதிருந்தது. நம் பாட்டன் பாட்டியரிடமும் கேட்டறிய வேண்டியவை உண்டு. அவர்கள் உள்ளபோதே கேட்போமாக.