கருவைத் தடுத்த மருந்தே கரு உண்டாக உதவியது எப்படி? யார் இந்த கிரீன்பிளாட்?

பிசிஓஎஸ் பிரச்னையால் கருமுட்டை வெளியாகாத பெண்களுக்கு இன்று டாக்டர்கள் மாத்திரை எழுதித் தர்றது சகஜம். 1950-களில் வயிற்றைத் திறந்து, சினைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதுதான் முக்கிய சிகிச்சை. அதை மாற்றியவர்களில் ஒருவர் டாக்டர் ராபர்ட் கிரீன்பிளாட்.

1906-ல் கனடாவின் மாண்ட்ரியலில் பிறந்தவர். மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, அமெரிக்காவின் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியில் ஹார்மோன் துறைப் பேராசிரியரானார். மெனோபாஸ் சிகிச்சையிலும் பேர் வாங்கினார்.

அப்போது மெரெல் நிறுவனம் உருவாக்கிய குளோமிஃபீன், பெண் எலிகளில் கருத்தரிப்பைத் தடுத்தது. ஆனால் கருமுட்டை வெளியாகாத 36 பெண்களுக்கு கிரீன்பிளாட் குழு கொடுத்துப் பார்த்தபோது நடந்ததே வேற. 28 பேருக்கு முட்டை வெளியானது. 1961-ல் இந்த முடிவை வெளியிட்டார்கள்.

இது எப்படி வேலை செய்யுது? ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சிடுச்சுன்னு மூளையை இந்த மருந்து நம்ப வைக்கும். உடனே எஃப்எஸ்எச் ஹார்மோன் கூடும், முட்டை வளரும். இரட்டைக் குழந்தை வாய்ப்பும் கூடும் என்பதால் டாக்டர் கண்காணிப்பு அவசியம்.

1967-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. கிரீன்பிளாட் 1987-ல் காலமானார். பிசிஓஎஸ்-க்கு இப்போது முதல் தேர்வு லெட்ரோசோல். 2014-ல் வெளியான, 750 பெண்கள் பங்கேற்ற ஆய்வில் அதை எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, குளோமிஃபீனில் 19.1 சதவீதம். ஆனாலும் கத்தி இல்லாம மாத்திரையிலேயே முடியும்னு காட்டியது அந்த 1961 ஆய்வு.