கண் இழந்த கணித மேதை

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647!

இந்த எண்ணை 1ஆலும், இதே எண்ணாலும் தவிர, வேறு எதனாலும் மீதி இல்லாமல் வகுக்க முடியாது. இப்படிப்பட்ட எண்ணுக்குப் "பகா எண்" என்று பெயர். 5, 7, 11 என்றால் பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பத்து இலக்க எண்ணை எப்படிச் சோதிப்பது?

சோதித்துச் சொன்னவர், கண் பார்வையை இழந்த ஒரு முதியவர். பெயர் லியோனார்டு ஆய்லர்.

சுவிட்சர்லாந்தில் உள்ள பாசல் நகரில் 1707ஆம் ஆண்டு ஆய்லர் பிறந்தார். தந்தை பாதிரியார். மகனும் பாதிரியார் ஆகவேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால், யோகான் பெர்னூலி என்ற கணித ஆசிரியர் பையனின் திறமையைக் கண்டுகொண்டார். தந்தையிடம் பேசி, மனதை மாற்றினார்.

20 வயதில் ஆய்லர் ரஷியாவுக்குப் போனார். செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வேலை. திருமணம் ஆயிற்று. 13 குழந்தைகள் பிறந்தன. பிழைத்து வளர்ந்தவை ஐந்துதான்.

முப்பது வயதைத் தாண்டியதும் வலது கண் போயிற்று. பிறகு 25 ஆண்டுகள் பெர்லினில் இருந்தார். 1766இல் ரஷியாவுக்குத் திரும்பினார். அங்கே மற்றொரு கண்ணில் புரை விழுந்தது.

1771ஆம் ஆண்டு அவருக்குப் பொல்லாத ஆண்டு. நகரில் தீப்பிடித்து அவர் வீடும் எரிந்தது. கண் தெரியாத அவர் உள்ளே சிக்கிக்கொண்டார். பாசல் ஊரைச் சேர்ந்த பீட்டர் கிரிம் என்ற தொழிலாளி தீக்குள் பாய்ந்து, அவரைத் தூக்கி வந்து காப்பாற்றினார். அதே ஆண்டு கண்ணில் ஆபரேஷன் நடந்தது. சில நாள் பார்வை வந்தது. பிறகு சீழ் பிடித்து, அதுவும் போய்விட்டது.

வேறொருவர் என்றால் மூலையில் உட்கார்ந்திருப்பார். ஆய்லர் கணக்கை வாயால் சொன்னார். மகனும் மாணவர்களும் எழுதினார்கள்.

1772ஆம் ஆண்டு, அந்தப் பெரிய எண் பகா எண்தான் என்று தம் ஆசிரியரின் பேரனுக்குக் கடிதம் மூலம் தெரிவித்தார்.

அது எப்படிப்பட்ட எண் தெரியுமா? முதல் நாள் ஓர் அரிசி, மறுநாள் இரண்டு, அடுத்த நாள் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். 31 நாளில் சேரும் மொத்த அரிசி எவ்வளவோ, அதுதான் இந்த எண்!

இதைச் சோதிக்க 46,340 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதுவே நாலாயிரத்துக்கு மேல் வரும். ஆய்லர் ஒரு சுருக்கு வழி கண்டார். 248ஆல் வகுத்தால் 1 அல்லது 63 மீதி வருகிற பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும் என்றார். நாலாயிரம், நூற்றுக்கும் கீழே இறங்கிவிட்டது! ஒன்றுகூட மீதியில்லாமல் வகுக்கவில்லை.

இதிலிருந்து இன்னோர் அதிசயமும் கிடைத்தது. 6ஐ வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3. கூட்டினால் மறுபடி 6. இதை "நிறை எண்" என்பார்கள். அதுவரை ஏழு நிறை எண்களே தெரியும். எட்டாவது, ஆய்லரின் எண்ணிலிருந்து வந்தது. அதற்கு 19 இலக்கம்!

முக்கால் நூற்றாண்டுக்கு மேல், இதைவிடப் பெரிய பகா எண்ணை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் வேலை செய்பவர்களுக்கும் இந்த எண் பழக்கமானது. பல கம்ப்யூட்டர் புரோகிராம்களில் பரவலாகப் பயன்படும் ஒரு வகை முழு எண்ணுக்கு உச்ச வரம்பு இதுதான்.

1783ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் தேதி, பகல் உணவின்போது யுரேனஸ் கிரகத்தின் பாதையைப் பற்றி ஆய்லர் பேசிக்கொண்டிருந்தார். பிறகு பேரனோடு விளையாடியபடி தேநீர் குடித்தார். திடீரென்று சாய்ந்தார். அன்றே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 76.