அச்சத்தை இலக்கியமாக்கிய புதுமைப்பித்தன்

விசுவமடுவிலே மிளகாய்த் தோட்டத்துக்கு இராக்காவல் இருந்தவர்கள் ஓர் உண்மையை நன்கறிவர். இருளிலே சருகு மிதிபடும் ஓசை கேட்கின்றது. பன்றி என்று தெரிந்துவிட்டால் தகரத்தைத் தட்டலாம். யானை என்று தெரிந்துவிட்டால் வெடி கொளுத்தலாம். இன்னதென்று தெரியாத அந்தச் சில கணங்களிலேதான் உடல் சில்லிடுகின்றது. கண்டதனால் வரும் அச்சத்தினும் காணாததனால் வரும் அச்சமே பெரிது. இந்த உண்மையை அடித்தளமாகக் கொண்டு, பேய்க்கதையைத் தமிழிலே உயர்ந்த இலக்கியமாக்கிக் காட்டியவர் புதுமைப்பித்தன்.

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய அவர், 1906 ஆம் ஆண்டு ஏப்ரல் 25 ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரிலே பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம்பிள்ளை அரசாங்க உத்தியோகத்தர். அவருடைய மாற்றங்களோடு செஞ்சி, திண்டிவனம் என ஊர்கள் மாறின. எட்டு வயதிலே தாயை இழந்தார் சிறுவர். பின்னர் குடும்பம் சொந்த மண்ணாகிய திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்கே இந்துக் கல்லூரியிற் பயின்று, 1931 இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டிலே திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாவை மணந்தார்.

எழுத்தையே பிழைப்பாகக் கொள்ளத் துணிந்து சென்னை சென்ற அவரை வறுமை விடாது தொடர்ந்தது. ‘மணிக்கொடி’யிலே கதைகள் வெளிவந்தன, புகழ் வந்தது, பொருள் வரவில்லை. ‘ஊழியன்’, ‘தினமணி’, ‘தினசரி’ ஆகிய பத்திரிகைகளிலே பணியாற்றினார். மனைவியைப் பிரிந்து நெடுங்காலம் தனியே வாழ்ந்த துயரத்தை, அவர் கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் சொல்லுகின்றன. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஏழைத் தொழிலாளரின் அவலத்தை ‘துன்பக்கேணி’யிலே தீட்டியவரும் இவரே. மனிதரை மனிதர் வதைக்கும் கொடுமையினும் கொடிய பேய் வேறில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆயினும் பேயும் அவரைக் கவர்ந்தது. மேரி ஷெல்லி என்னும் ஆங்கில மாது 1818 இல் வெளியிட்ட பிராங்கன்ஸ்டைன் கதையை ‘பிரேத மனிதன்’ எனத் தமிழிலே தந்தார். ‘பிரம்ம ராக்ஷஸ்’ என்றொரு கதை புனைந்தார். 1943 இல் ‘காஞ்சனை’ வெளிவந்தது. அதிலே பாழடைந்த மாளிகை இல்லை, சுடுகாடும் இல்லை. உறக்கமின்றித் தவிக்கும் ஓர் எழுத்தாளன், அவன் மனைவி, வேலைக்கு வந்து சேர்ந்த ஒருத்தி, இவ்வளவே. நள்ளிரவிலே எங்கிருந்தோ வந்து மறையும் பிண நாற்றமும் நறுமணமும் அவன் நெஞ்சைக் கலக்குகின்றன. வந்தவள் பேயா, அன்றி அவன் மனமே பேயா? ஆசிரியர் தீர்ப்புக் கூறுவதில்லை. கதை முடிந்தபின்னும் ஐயம் முடிவதில்லை. அதுவே அக்கதையின் வெற்றி.

இதற்குச் சரியாக நூறாண்டுகளுக்கு முன்னர், 1843 இல், அமெரிக்கராகிய எட்கர் ஆலன் போ இதே வழியிலே ஒரு கதை எழுதினார். தான் கொன்ற கிழவனின் இதயம் இன்னும் துடிப்பதாகக் கேட்டு நடுங்கும் கொலைகாரனின் கதை அது. 1953 இல் அதனைச் சித்திரங்கள் அசையும் குறும்படமாக ஆக்கினர். குழந்தைகளின் விளையாட்டுப் பொருளென எண்ணப்பட்ட கேலிச்சித்திரப் படம், கொலைகாரனின் கண்வழியே உலகைக் காட்டி முதியோரையும் நடுங்க வைத்தது. வயது வந்தோருக்கு மட்டும் என்ற முத்திரையைப் பிரித்தானியத் தணிக்கையாளரிடமிருந்து பெற்ற முதற் சித்திரப்படம் அதுவே. சொல்லாயினும் சித்திரமாயினும் அச்சத்தின் இலக்கணம் ஒன்றே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

திரையுலகம் புதுமைப்பித்தனையும் அழைத்தது. ‘அவ்வையார்’, ‘காமவல்லி’ ஆகிய படங்களுக்கு எழுதினார். தாயின் பெயரையொட்டிப் ‘பர்வதகுமாரி’ என்று சொந்தமாகப் படநிறுவனம் ஒன்றையும் தொடங்கினார், அது கைகூடவில்லை. ‘ராஜமுக்தி’ படத்துக்காகப் புனே சென்றவரைக் காசநோய் பற்றியது. மனித மனத்தின் இருளைக் காகிதத்திலே காட்டிய அக்கலைஞர், அதனைத் திரையிலே காட்டும் வாய்ப்பைப் பெறாமலே, 1948 இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. தினகரி என்னும் மகள் அன்று சிறு குழந்தை.

பேய்க்கதை என்றதும் முகஞ்சுளிக்கும் ஆசிரியரும் உளர். இரத்தமும் கோரப் பல்லும் இருந்தாற் போதும் என எண்ணும் இளம் எழுத்தாளரும் உளர். இருசாராரும் ‘காஞ்சனை’யை ஒருமுறை இரவிலே தனித்திருந்து படித்துப் பார்க்கட்டும். படித்து முடித்து விளக்கை அணைக்கக் கை தயங்குமாயின், புதுமைப்பித்தனின் ஆற்றல் இன்னதென்பது அப்பொழுது விளங்கும்.