காற்றை அளந்த அம்மையார்

வேலூரை அடுத்த அணைக்கட்டு உழவர் மழையை நோக்கி ஏர் பூட்டுவர். ஆம்பூரில் தோலை உலர்த்துவோர் வெயிலையும் காற்றையும் நோக்குவர். ஆயினும், வானத்தைக் கண்ணால் நோக்கினால் மட்டும் போதாது. கருவியால் அளந்தறிதல் வேண்டும். அத்தகைய கருவிகளை நம் நாட்டிலேயே ஆக்குதற்கு உழைத்தவருள் தலைசிறந்தவர் அன்னா மணி அம்மையார்.

இவர் 1918 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23 ஆம் நாள், திருவிதாங்கூரைச் சார்ந்த பீர்மேட்டில் பிறந்தார். எட்டாம் பிறந்த நாளன்று பெற்றோர் அளித்த வைரத்தோட்டை ஏலாது, கலைக்களஞ்சியத் தொகுதியை வேண்டிப் பெற்றார். காந்தியடிகளின் நெறியில் ஈடுபட்டுக் கதராடை உடுத்தார்.

சென்னையில் இயற்பியல் பயின்றபின், 1940இல் பெங்களூர் சென்று, சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி மேற்கொண்டார். வைரத்தை அணிய மறுத்த அம்மையார், அவ்வைரம் வெளியிடும் ஒளியின் இயல்பை இரவும் பகலும் ஆராய்ந்தார். ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளும் வெளியிட்டார். ஆயினும், முதுகலைப் பட்டம் பெறாமையின், சென்னைப் பல்கலைக் கழகம் இவருக்கு டாக்டர் பட்டம் வழங்கவில்லை. பட்டம் கிட்டாமையால் இவர் ஊக்கம் குன்றவில்லை. 1945இல் இலண்டன் சென்றார். வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்பதற்கே உதவித்தொகை கிடைத்தது. அதனையே விரும்பிக் கற்றுத் தேர்ந்தார்.

1948இல் தாயகம் திரும்பிப் புனாவில் வானிலைத் துறையில் பணி ஏற்றார். அக்காலத்தில் வெப்பமானி, பாரமானி முதலியனவும் அயல்நாட்டிலிருந்தே வந்தன. ஓரூர்க் கருவியும் மற்றோரூர்க் கருவியும் ஒத்துக் காட்டாவிடில் கணக்கெல்லாம் பிழைபடும். ஆதலின், ஏறத்தாழ நூறு கருவிகளுக்குத் திட்டமான வரைபடங்கள் அமைத்து, அவற்றை இந்நாட்டிலேயே செய்வித்தார். 1957-58இல் கதிரவன் ஒளிவீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் நிறுவினார். புற ஊதாக் கதிரினின்று உயிர்களைக் காக்கும் ஓசோன் படலத்தை அளத்தற்கு, பலூனில் ஏற்றி அனுப்பும் கருவி ஒன்றையும் தம் குழுவினருடன் உருவாக்கினார்.

1976இல் பதவியினின்று ஓய்வு பெற்றார். உழைப்பினின்று ஓய்வு பெற்றாரல்லர். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் எண்மடங்காகும். எனவே, வேகத்தை அளப்பதில் நேரும் சிறு பிழையும் காற்றாலை அமைப்போர்க்குப் பேரிழப்பாய் முடியும். இதனை நன்குணர்ந்த அம்மையார், பல்வேறு இடங்களின் காற்று வேகத்தைத் தொகுத்து 1983இல் நூலாக வெளியிட்டார். அளந்தறிந்து ஆலை நிறுவும் நெறிக்கு அந்நூல் அடிகோலியது. முப்பந்தலில் இன்று சுழலும் காற்றாலைகளைக் காணுங்கால் அம்மையாரை நினைத்தல் தகும்.

2001 ஆகஸ்டு 16 ஆம் நாள் திருவனந்தபுரத்தில் இவர் இயற்கை எய்தினார். பட்டம் மறுக்கப்படலாம், பயன்பட்ட உழைப்பை எவராலும் மறுக்க இயலாது. மழையையும் காற்றையும் பிழையின்றி அளக்கும் ஒவ்வொரு கருவியும் அவர் உழைப்பிற்குச் சான்று பகரும்.