கரைக்குச் செடி தேடிய கிளெக்ஹார்ன்

வேங்கிக்கால் ஏரிப் பக்கம் உங்கள் வயல் வரப்பு ஈரத்தில் சரிகிறதா? எந்தச் செடி மண்ணைப் பிடிக்கும் என்ற கேள்வியோடு மெட்ராஸ் கடற்கரை மணலில் நடந்தவர் ஹியூ கிளெக்ஹார்ன்.

1820-ல் மெட்ராஸில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1842-ல் கம்பெனி மருத்துவராகத் திரும்பினார். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தார். 1856-ல் மாகாண வனப் பாதுகாவலர் ஆனார். மலைமக்களின் குமரிச் சாகுபடியைத் தடுக்க அவர் முனைந்ததில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கடற்கரை மணலைக் கட்டும் செடிகளைப் பற்றி 1850-களில் அவர் எழுதிய கட்டுரை இன்றும் நமக்குப் பாடம். அந்த மணலில் தானாக வளரும் அடம்பையும் இராவணன் மீசையையும் பாருங்கள். மணல் மூட மூட, கணுவுக்குக் கணு வேர்விட்டு மேலேறும். கிளெக்ஹார்ன் 1895-ல் ஸ்காட்லாந்தில் காலமானார்.

கடற்கரை அடம்பு உங்கள் வரப்புக்கு ஆகாது. அதன் இனத்தைச் சேர்ந்த நெய்வேலிக் காட்டாமணக்கோ அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரிகளை அடைத்துக்கொண்டது, வேலிக்குக்கூட வைக்காதீர்கள். நீர் விளிம்பில் கோரை இருந்தால் பிடுங்காமல் விடுங்கள். அதற்கு மேல் நொச்சிப் போத்து ஊன்றலாம். சரிவுக்குக் குறுக்கே அரையடிக்கு ஒரு தூர் வெட்டிவேர் வையுங்கள். அதன் வேர் பத்தடி வரை நேராக இறங்கும், பக்கத்துப் பயிரைத் தொடாது. வரப்பின் தலைக்கு அருகு போதும். ஐப்பசி மழை வலுக்கும் முன் எல்லாம் வேர்பிடித்துவிட வேண்டும்.